உணவு காக்கும் மென்படலம்

உணவைத் தேடுவது எத்துணை இன்றியமையாததோ, தேடிய உணவைக் கெடாமற் காப்பதும் அத்துணை இன்றியமையாததாகும். உழவன் பல திங்கள் பாடுபட்டு விளைவித்த பொருள், பூஞ்சை படர்ந்தோ காறல் வாடை அடைந்தோ சில நாள்களில் குப்பைக்குச் செல்லுமாயின், அவன் உழைப்பும் நிலமும் நீரும் அதனோடு சேர்ந்தே வீணாகின்றன. ஆதலின், உணவைப் பொதிந்து வைக்கும் கலை, உணவைச் சமைக்கும் கலையைப் போன்றே தொன்மையானது. நம் முன்னோர் வாழையிலையிலும் மந்தாரையிலையிலும் பனையோலையிலும் உணவைப் பொதிந்தனர். திருமயிலையில் கபாலீசுவரர் கோயிலைச் சூழ்ந்துள்ள மாடவீதிகளில் பூவை இலையில் கட்டித் தருவதையும், பிரசாதத்தைத் தொன்னையில் வழங்குவதையும் இன்றும் காணலாம். பயன் முடிந்ததும் இலை மண்ணில் விழுகிறது. சில நாள்களில் தானும் மண்ணாகி விடுகிறது.

ஆயினும் இலைக்கு ஓர் எல்லை உண்டு. அது வாடும், கிழியும், காற்றையும் ஈரத்தையும் நெடுநாள் தடுத்து நிற்க அதனால் இயலாது. அன்றே உண்ணும் உணவுக்கு அது போதும். தீபாவளிக்கு முன் தியாகராய நகரின் கடைகளில் வாங்கும் முறுக்கும் சீவலும் ஒரு திங்கள் வரையில் மொறுமொறுப்புக் குன்றாதிருக்க வேண்டுமெனில், இலையை நம்பியிருத்தல் கூடாது. இக்குறையை நிறைவு செய்ய வந்ததே பாலித்தீன் என்னும் பொருள்.

1933-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இங்கிலாந்து நாட்டின் இம்பீரியல் கெமிக்கல் நிறுவனத்து ஆய்வுக்கூடத்தில் கிப்சன், பாசெட் என்னும் விஞ்ஞானிகள் இருவர், எத்திலீன் வாயுவை மிகுந்த அழுத்தத்திற்கு உட்படுத்தி, வேறொரு பொருளுடன் இணைக்க முயன்றனர். அவர்கள் எதிர்பார்த்தது நிகழவில்லை. கலத்தினுள் மெழுகு போன்ற வெண்பொருள் சிறிதளவு படிந்திருந்தது. அதுவே பாலித்தீன். எத்திலீன் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கைகோத்து நின்று அமைந்த நீண்ட சங்கிலி அது. இவ்வாறு சிறு மூலக்கூறுகள் பல இணைந்து உருவாகும் பெருமூலக்கூற்றுப் பொருளைப் பாலிமர் என்பர். இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் கருவிகளின் மின்கம்பிகளுக்கு உறையாகப் பயன்பட்ட அப்பொருள், போர் முடிந்த பின் கடைத்தெருவிற்கு வந்தது, பையாயிற்று, உலகெங்கும் பரவிற்று.

பாலித்தீன் ஈரத்தை நன்கு தடுக்கிறது. ஆனால் அதனிடம் இரண்டு குறைகள் உள்ளன. முதற்குறை யாவரும் அறிந்ததே. எறிந்த பின்னும் அஃது அழிவதில்லை. கால்வாயை அடைக்கிறது, கால்நடையின் வயிற்றில் தங்குகிறது, அடையாற்றின் வழியே கடலையும் அடைகிறது. சென்னையின் தென்பகுதியிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதியில் பல்லாண்டுகளாகக் குப்பை கொட்டப்பட்டு எழுந்த பெருங்குடி மேடு, இக்குறைக்குக் கண்கண்ட சான்றாகும். இரண்டாவது குறையைப் பலரும் அறியார். ஈரத்தைத் தடுக்கும் பாலித்தீன், காற்றிலுள்ள ஆக்ஸிஜனை அவ்வளவு திறமையாகத் தடுப்பதில்லை. எனவேதான், சாதாரணப் பாலித்தீன் பையில் கட்டிவைத்த முறுக்கு, மொறுமொறுப்பு மாறாதிருந்தும் நாளடைவில் காறல் வாடை பெறுகிறது.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குப் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாட்டு அரசு 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்தது. 2021-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்னும் இயக்கமும் தொடங்கப்பெற்றது. இவை நல்ல முயற்சிகளே. ஆனால், மஞ்சள் பை காய்கறி வாங்க உதவும். முறுக்கைக் காக்க உதவாது. வேண்டுங்காலத்தில் உணவைக் காத்து, வேண்டாக்காலத்தில் மண்ணோடு மண்ணாகும் ஒரு மென்படலம் கிடைக்குமா? இதுவே விஞ்ஞானிகள் தம்முள் எழுப்பிக்கொண்ட வினா. இதற்கு விடை தேடியவர்களின் பார்வை நம் அடுக்களை மாவின்மீது சென்றது.

கஞ்சி வடித்த பாத்திரத்தின் விளிம்பில், கஞ்சி காய்ந்து மெல்லிய ஏடாக ஒட்டிக்கொண்டிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதனை நகத்தால் உரித்தால் ஒளி ஊடுருவும் மெல்லிய தாளாக வரும். உணவைப் பொதியும் படலத்தின் முதல் வடிவம் அதுவே எனலாம். மாவிலுள்ள ஸ்டார்ச்சு என்னும் மாச்சத்தும் ஒரு பாலிமரே. பாலித்தீனை மனிதன் கலத்தில் செய்தான். மாச்சத்தை இயற்கை இலையில் செய்கிறது. குளுக்கோஸ் என்னும் சர்க்கரை மூலக்கூறுகள் கோவையாக இணைந்தால் மாச்சத்து உண்டாகும். நேரான கோவைக்கு அமைலோஸ் என்றும், மரம்போற் கிளைத்த கோவைக்கு அமைலோபெக்டின் என்றும் பெயர். நீரோடு சேர்த்துச் சுடவைக்கும்போது, ஏறத்தாழ அறுபது முதல் எண்பது டிகிரி வெப்பத்தில், மாச்சத்தின் மணிகள் நீரை உறிஞ்சிப் பருத்து உடைகின்றன. உள்ளிருந்த கோவைகள் வெளிப்பட்டுக் கூழாகின்றன. அக்கூழை மெல்லிதாகப் பரப்பி உலர்த்தினால், கோவைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு படலமாகின்றன.

ஆனால், வெறுங் கஞ்சியேடு அப்பளம்போல் நொறுங்கும். ஆகையால் கூழில் சிறிதளவு கிளிசரின் சேர்ப்பர். கிளிசரின் மூலக்கூறுகள் கோவைகளுக்கு இடையே புகுந்து, அவை ஒன்றையொன்று இறுகப் பற்றாமல் வழுக்கிச் செல்ல இடந்தருகின்றன. படலம் வளையும் தன்மையைப் பெறுகிறது. கிளிசரின் குறைந்தால் படலம் ஒடியும், மிகுந்தால் பிசுபிசுக்கும். சமையலில் உப்பைப் போல அளவறிந்து இடவேண்டிய பொருள் அது.

மாச்சத்துக்கு நம் நாட்டில் பஞ்சமில்லை. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் மரவள்ளிக்கிழங்கிலிருந்து மாச்சத்தும் சவ்வரிசியும் செய்யும் ஆலைகள் பல உள்ளன. அவற்றின் விற்பனைக்கென்றே 1981-ஆம் ஆண்டில் சேலத்தில் ‘சேகோசர்வ்’ என்னும் கூட்டுறவுச் சங்கம் நிறுவப்பட்டது. ஆனால், பல முறை கழுவி வடித்தெடுத்த தூய மாச்சத்துக்கும், தானியத்தையோ விதையையோ அப்படியே அரைத்த மாவுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. கழுவிய மாச்சத்து வெண்மையாய்த் தெளிவாய் இருக்கும். மாச்சத்தன்றி வேறு பொருள் அதிற் பெரிதும் இராது. அரைத்த மாவிலோ புரதமும் நாரும் கொழுப்பும், பீனால் வகையைச் சேர்ந்த பொருள்களும் கலந்திருக்கும். கேழ்வரகின் செம்மேல்தோலிலும், புளியங்கொட்டையின் கருஞ்சிவப்பு மேலோட்டிலும் இப்பீனால் பொருள்கள் மிகுதி. பளபளப்பான தாளை விரும்புவோர் இவற்றை மாசு என்று கழித்தனர். உணவைக் காக்க விரும்புவோருக்கோ இவையே செல்வமாயின. அதன் காரணத்தைக் காண்போம்.

எண்ணெயில் பொரித்த பண்டம் காறுவது ஏன்? காற்றிலுள்ள ஆக்ஸிஜன் எண்ணெயைத் தாக்கி மாற்றுவதே காரணம். இம்மாற்றத்தை ஆக்ஸிகரணம் என்பர். ஒளியாலோ வெப்பத்தாலோ எண்ணெயின் மூலக்கூறு ஒன்று தன் ஹைட்ரஜன் அணுவை இழந்து, துணையற்ற எலெக்ட்ரானோடு நிற்கிறது. அது முதலில் ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்கிறது. பிறகு தன் இழப்பை ஈடுசெய்ய அண்டையிலுள்ள மூலக்கூற்றின் ஹைட்ரஜனைப் பறிக்கிறது. பறிகொடுத்தது தானும் பறிக்கத் தொடங்குகிறது. கூரைவீடுகள் நெருங்கிய தெருவில் ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்த வீட்டுக்குத் தாவுவதுபோல், இக்கேடு எண்ணெய் முழுவதும் பரவுகிறது. இறுதியில் உண்டாகும் சிறு மூலக்கூறுகளே காறல் வாடையாக நம் மூக்கை எட்டுகின்றன.

பீனால் பொருள்கள் இத்தீயை அணைக்கும் ஆற்றல் உடையவை. அவை தம் ஹைட்ரஜனைத் தாமே எடுத்து, பறிக்க வரும் மூலக்கூற்றுக்கு ஈகின்றன. ஈந்த பின் அவையும் துணையற்ற எலெக்ட்ரானோடு நிற்கின்றன என்பது உண்மையே. ஆயினும் அவற்றின் வளைய அமைப்பு அந்த எலெக்ட்ரானைத் தன்னுள் பரவலாகத் தாங்கி அமைதியுறச் செய்கிறது. ஆதலின் அவை பிறரிடம் பறிக்கச் செல்வதில்லை. கொடுத்தும் வறுமையுறாத வள்ளலைப் போன்றவை அவை. சங்கிலி அங்கே அறுகிறது. இத்தகைய பொருள்களை ஆக்ஸிகரணத் தடுப்பான்கள் என்று அழைப்பர். இவற்றை உணவிலேயே கலவாமல், உணவைச் சூழும் படலத்திலேயே அமைத்துவிட்டால், படலம் வெறும் சுவராக மட்டும் இராமல் காவலனாகவும் ஆகிவிடும் அன்றோ? இதுவே இவ்வாராய்ச்சியின் உயிர்நாடி.

எனினும், மாப்படலத்துக்கு ஒரு பெரும்பகை உண்டு; அது நீர். மாச்சத்தின் கோவைகள் நீரை விரும்புபவை. உலர்ந்த நிலையில் மாப்படலம் ஆக்ஸிஜனைப் பாலித்தீனைவிட நன்றாகத் தடுக்கும். ஆனால் காற்றில் ஈரம் ஏறினால் அது தளரும், வலுவிழக்கும், தடுக்கும் ஆற்றலையும் இழக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் சென்னைக் கடற்கரைக் காற்றின் ஈரத்தை எண்ணிப் பாருங்கள்! உலர்ந்த ஊரின் ஆய்வுக்கூடத்தில் சிறந்து விளங்கும் படலம், மயிலாப்பூர்க் கடை ஒன்றின் அலமாரியில் ஒரு வாரம் தாங்குமா என்பது ஐயமே. பாலித்தீனிடம் உள்ள வலிமை மாவினிடம் இல்லை. மாவினிடம் உள்ள நலம் பாலித்தீனிடம் இல்லை. ஆகவே, மாவையும் மனிதன் செய்த பாலிமரையும் கலந்து பார்க்கலாமே என்னும் எண்ணம் எழுந்தது.

கலப்பது எளிதன்று. பாலித்தீன் நீரை வெறுப்பது. மாச்சத்து நீரை விரும்புவது. எண்ணெயும் நீரும்போல் இரண்டும் பிரிந்து நிற்கும். இருவருக்கும் இடையே தூது நடக்கும் மூன்றாம் பொருள் ஒன்றைச் சேர்த்தால்தான் அவை ஓரளவேனும் இணங்கும். திருவனந்தபுரத்தில் 1963-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில், மரவள்ளி மாச்சத்தைப் பாலித்தீனோடு கலந்து படலம் செய்யும் முறை ஆராயப்பட்டது. பாலிவினைல் ஆல்கஹால் என்னும் மற்றொரு பாலிமரோ, மாவோடு இயல்பாகவே உறவாடக் கூடியது. 1924-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டில் ஹெர்மன், ஹெய்னல் என்னும் விஞ்ஞானிகள் அதனைக் கண்டனர். மாச்சத்தின் கோவையில் உள்ளவை போன்ற ஹைட்ராக்சில் தொகுதிகள் அதன் கோவையிலும் உள்ளன. ஆகவே இரண்டும் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அது வெந்நீரில் கரையும். காய்ந்தால் உறுதியான, தெளிவான படலமாகும்.

இப்படலத்தைச் செய்யும் முறை, மொட்டைமாடியில் கூழ்வற்றல் இடும் முறையை ஒத்தது. முதலில் பாலிவினைல் ஆல்கஹாலை வெந்நீரில் கரைப்பர். வேறொரு கலத்தில் சலித்த மாவை நீரிற் கலக்கி, கிளறிக்கொண்டே சூடாக்கிக் கூழாக்குவர். இரண்டையும் கிளிசரினோடு சேர்த்து, காற்றுக்குமிழிகள் நீங்கும்வரை வைத்திருந்து, சமதளமான தட்டில் அளந்து ஊற்றி, மெல்லிய வெப்பத்தில் உலர்த்துவர். குமிழி ஒன்று தங்கினாலும் அவ்விடம் ஓட்டையாகும். தட்டு சற்றே சாய்ந்தாலும் படலத்தின் பருமன் ஒருபுறம் மிகும். உலர்ந்த ஏட்டை உரித்தெடுத்தால், தலைமயிரின் பருமனே உள்ள படலம் கிடைக்கும். வெப்பத்தை மிகுத்து விரைவில் முடிக்கலாகாது. கடுஞ்சூடு பீனால் பொருள்களைச் சிதைத்துவிடும். காவலன் பணிக்கு வருமுன்பே இறந்துபடுவான்.

படலம் உண்மையிலேயே காவல் புரியுமா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. டி.பி.பி.எச். என்று சுருக்கமாக அழைக்கப்படும் பொருளின் கரைசல் ஆழ்ந்த ஊதா நிறமுடையது. அதன் மூலக்கூறும் துணையற்ற எலெக்ட்ரான் உடையதே. படலத்தின் சாற்றை அதில் சேர்த்து இருளில் வைப்பர். சாற்றிலுள்ள பீனால் பொருள்கள் ஹைட்ரஜனை ஈய, ஊதா நிறம் வெளிறி மஞ்சளாகும். எவ்வளவு வெளிறியது என்பதைக் கருவியால் அளந்தால் காவலின் அளவு தெரியும். இச்சோதனையை 1958-ஆம் ஆண்டில் பிளாய்ஸ் என்னும் விஞ்ஞானி விளக்கி வெளியிட்டார். ஆயினும் குழாயில் நிறம் மாறியது மட்டும் போதாது. படலம் எத்துணை இழுவிசையைத் தாங்கும், எத்துணை நீராவியை உள்ளே விடும், அதில் பொதிந்த எண்ணெய் எத்தனை நாளில் காறும் என்பனவற்றையும் அளந்தே முடிவு கூறவேண்டும்.

இத்தகைய ஆராய்ச்சிகளுக்கு வேண்டிய கல்வி மரபு நம் சென்னையில் நெடுங்காலமாக வளர்ந்து வந்துள்ளது. அடையாற்றையும் கிண்டியையும் இணைக்கும் சர்தார் பட்டேல் சாலையின் மருங்கில், 1944-இல் தோன்றிய அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியும், 1948-இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும், 1959-இல் தோன்றிய இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் அண்டை வீட்டாரைப்போல் அமைந்துள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாலிமர் வேதியியலை வளர்த்த பேராசிரியர் சந்தப்பா, பின்னர்த் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகவும் விளங்கினார். அந்நிலையம் தோலிலுள்ள கொலாஜென் என்னும் புரதத்திலிருந்து புண்ணை மூடிக் காக்கும் மென்படலத்தை உருவாக்கிற்று. உணவைக் காக்கும் படலமும் புண்ணைக் காக்கும் படலமும் ஒரே அறிவின் இரு கிளைகளே ஆகும். இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தாரோ, வேளாண் கழிவின்மீது காளானின் இழைகளை வளர்த்துப் பொதிபொருள் செய்யும் முறையை 2025-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இனி, நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மாவு கலந்த படலம் எல்லாம் மண்ணோடு மண்ணாகும் என்று எண்ணுதல் தவறு. மாவும் பாலித்தீனும் கலந்த பையை மண்ணிற் புதைத்தால், நுண்ணுயிர்கள் மாவை மட்டும் உண்டுவிடும். பை சல்லடையாகி நொறுங்கும். கண்ணுக்குப் பை மறைந்ததுபோல் தோன்றும். ஆனால் பாலித்தீன் துகள்கள் மண்ணிலேயே தங்கும். பெரிய குப்பையைப் பொறுக்கி எடுக்கலாம். தூளான குப்பையை யார் பொறுக்குவார்? பாலிவினைல் ஆல்கஹால் அத்துணைக் கொடியதன்று. எனினும், அதனை உண்ணும் நுண்ணுயிர்கள் சிலவே; அவையும் கழிவுநீர் வண்டலில் செயற்படும் விரைவோடு சாதாரண மண்ணில் செயற்படுவதில்லை. ஆகையால் ‘பசுமைப் பை’ என்று பெயரிட்டு விற்பதனாலேயே ஒரு பை பசுமையாகிவிடாது.

பெயரை நம்பாமல் பொருளைச் சோதிக்க ஒரு முறை வகுக்கப்பட்டுள்ளது. படலத்தை முற்றிய எருவோடு கலந்து, ஏறத்தாழ 58 டிகிரி வெப்பத்தில் வைத்து, அதிலிருந்து எழும் கரியமில வாயுவை நாள்தோறும் அளப்பர். படலத்திலிருந்த கரியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு 180 நாள்களுக்குள் வாயுவாக மாறினால்தான், அதனை மக்கும் பொருள் என்று ஒப்புவர். துண்டு துண்டாதல் போதாது. உண்ணப்பட்டு மூச்சாக வெளிப்படல் வேண்டும். இந்தியாவில் இச்சோதனையை நடத்தும் நிலையங்களுள், 1968-இல் கிண்டியில் தொடங்கப்பெற்ற ‘சிப்பெட்’ என்னும் மத்தியப் பெட்ரோகெமிக்கல் பொறியியல் தொழில்நுட்ப நிலையமும் ஒன்று. இதில் தேறிய பையும் முறையான எருக்கிடங்கின் வெப்பத்தில்தான் அவ்வளவு விரைவில் மக்கும். தெருவோரச் சாக்கடையில் மக்காது என்பதையும் நாம் மறத்தலாகாது.

மற்றோர் அறக்கேள்வியும் உண்டு. பசித்த வயிறுகள் உள்ள நாட்டில் உண்ணும் மாவைப் பையாக்கலாமா? ஆக்கலாகாது என்பதே நேர்மையான விடை. ஆதலின் அறிஞர்கள், உணவாகாமற் கழியும் பொருள்களையே பெரிதும் நாடுகின்றனர். புளியை எடுத்த பின் ஒதுக்கும் கொட்டை, மாங்கொட்டையின் பருப்பு, மாதுளையின் தோல், தானியத்தின் தவிடு ஆகியவற்றில் பீனால் பொருள்கள் நிறைந்துள்ளன. புளியங்கொட்டைப் பருப்பின் மாவு நெசவில் நூலுக்குக் கஞ்சியிடுவதற்கு முன்பே பயன்பட்டு வந்ததுதான். நாம் குப்பை என்று ஒதுக்குவது, அறிந்தோர் கையில் உணவைக் காக்கும் கவசமாகிறது.

மாணவர்களே! பாலித்தீனைக் கண்டவர்கள் தீயவர் அல்லர். அழியாத பொருளைக் கண்டோம் என்று அவர்கள் மகிழ்ந்தனர். அவ்வழியாமையே துன்பமாகும் என்பதைக் காலம் பின்னரே காட்டிற்று. அவ்வாறே, இன்று மாவையும் பாலிமரையும் கலப்போரும் ஒரு நன்மையை மட்டும் நோக்கி நின்றுவிடலாகாது. இப்படலம் வேண்டிய நாள்வரை உணவைக் காக்கின்றதா, அதன்பின் எச்சமின்றி மண்ணுக்குத் திரும்புகின்றதா என்னும் இரண்டு வினாக்களுக்கும் ஆம் என்று விடை தரும் படலமே உண்மையான வெற்றி. அவ்விடையை அளவுகோலும் துலாக்கோலும் கொண்டு தேட வேண்டியவர்கள், நாளைய ஆய்வுக்கூடங்களில் நிற்கப்போகும் நீங்களே.

பயிற்சி வினாக்கள்

1. இலையின் நலன்களையும் குறைகளையும் எடுத்துரைக்க.
2. பாலித்தீன் பையில் வைத்த முறுக்கு காறல் வாடை பெறுவது ஏன்?
3. பீனால் பொருள்கள் ‘கொடுத்தும் வறுமையுறாத வள்ளல்’ எனப்படுவதன் காரணம் யாது?
4. மாப்படலத்தில் கிளிசரினும் பாலிவினைல் ஆல்கஹாலும் சேர்க்கப்படுவது எதற்காக?
5. ‘துண்டு துண்டாதல் போதாது, உண்ணப்பட்டு மூச்சாக வெளிப்படல் வேண்டும்’ — இத்தொடரை விளக்குக.
6. உங்கள் வீட்டில் ஒரு வாரத்தில் கழிக்கப்படும் விதை, தோல் வகைகளைக் கணக்கிட்டு, அவற்றின் பயன்களைப் பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.